போட்டோவில் ஒரு புள்ளி: கேமராவை மாற்றும் முன் இதைப் பாருங்க

மொட்டை மாடியில் நடந்த வளைகாப்பு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு சின்ன நீலப் புள்ளி. ஒரு படத்தில் அது சேலை மடிப்பில் விழுந்திருந்தது, இன்னொன்றில் பெண்ணின் கன்னத்தில். பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் காலையிலேயே போனைக் கொண்டுபோய் ஒரு கடையில் காட்டினார். "சென்சார் போயிடுச்சு, கேமராவையே மாத்தணும். லாக்கை எடுத்துட்டு வச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்றார்களாம். போன் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. பில் வீட்டில் இருக்கிறது. லாக் எடுத்துக் கொடுக்கச் சொன்ன அந்தப் போனில் வங்கி ஆப், யுபிஐ, டிஜிலாக்கர், குடும்பப் படங்கள் எல்லாமே இருக்கின்றன.

நல்லவேளை, "யோசிச்சுட்டு வர்றேன்" என்று திரும்பிவிட்டார். அன்று பகலில் அதே போனில் பத்துப் படம் எடுத்துப் பார்த்தோம். புள்ளி இல்லை. விசாரித்தால், விழாவில் மூன்று மணி நேரம் விடாமல் வீடியோ எடுத்திருக்கிறார்கள், நடுவில் சார்ஜிலும் போட்டிருக்கிறார்கள். போன் கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டிருக்கிறது. புள்ளிக்குக் காரணம் அந்தச் சூடுதான். கேமராவை மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

படத்தில் புள்ளி விழுந்தால் "டெட் பிக்சல்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் திரையில் பழுது, லென்ஸ் மேல் அழுக்கு, உள்ளே தூசி, சூட்டினால் வரும் புள்ளி, நிஜமாகவே செத்துப்போன பிக்சல் என்று காரணங்கள் வேறு வேறு. பாதிக்கு மேல் காசு செலவில்லாமல் தீரும். எது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

புள்ளி படத்திலா, திரையிலா?

முதல் சோதனை இதுதான். படத்தை கேலரியில் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கி, இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். படம் நகரும்போது புள்ளியும் கூடவே நகர்ந்தால் அது படத்தில் இருக்கிறது. படம் நகர்ந்தும் புள்ளி அதே இடத்தில் நின்றால், பழுது உங்கள் போன் திரையில், கேமராவுக்கு ஒன்றுமில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தப் படத்தை வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கேமராவைத் திறந்ததும் திரையின் மேல் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளியோ சின்னமோ வருகிறதே, அது பழுது இல்லீங்க. ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், ஏதாவது ஒரு ஆப் கேமராவைப் பயன்படுத்தினால் உங்களுக்குத் தெரியப்படுத்த வரும் அறிவிப்பு அது. நீங்கள் கேமராவைத் திறக்காதபோது அது தெரிந்தால்தான் எந்த ஆப் என்று பார்க்க வேண்டும்.

லென்ஸ் கார்டைக் கழற்றுங்க

இப்போது பலர் போன் கேமரா மேல் கண்ணாடி லென்ஸ் கார்டு ஒட்டிக்கொள்கிறார்கள். அதற்கும் லென்ஸுக்கும் நடுவே ஈரமும் தூசியும் புகுந்துவிடும். வெளிச்சம் பட்டால் மங்கலாக வட்டம் வட்டமாகத் தெரியும். கார்டையும் கவரையும் கழற்றி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். சட்டை நுனியால் துடைக்க வேண்டாம்.

விளக்கோ சூரியனோ படத்துக்குள் இருக்கும்போது மட்டும் பச்சை நிறத்தில் ஒரு பொட்டு வருகிறதா? போனை லேசாகத் திருப்பினால் அது இடம் மாறுகிறதா? அது லென்ஸுக்குள் ஒளி பிரதிபலிப்பதால் வருவது. எல்லாப் போனிலும் ஓரளவு இருக்கும். கோணத்தை மாற்றினால் போதும்.

இருட்டுப் படமும் வெள்ளைச் சுவரும்

இத்தனைக்கும் பிறகு புள்ளி இருக்கிறது என்றால் சென்சாரைச் சோதிக்கலாம். சென்சார் என்பது ஒளியை மின்சாரமாக மாற்றும் கோடிக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் கொண்ட சில்லு. 12 மெகாபிக்சல் என்றால் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள். இத்தனையில் சில குறையுடன்தான் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. தயாரிப்பாளர்கள் அவற்றைக் கண்டுபிடித்து, இந்தக் கட்டத்தை நம்பாதே, பக்கத்துக் கட்டங்களின் அளவை வைத்து நிரப்பிக்கொள் என்று கேமராவுக்குள் ஒரு பட்டியலை எழுதிவைத்துவிடுவார்கள். நாம் பார்ப்பது அந்தப் பட்டியல் எழுதப்பட்ட பிறகு புதிதாகக் கெட்டுப்போனவற்றைத்தான்.

சோதனைக்கு முன் மூன்று விஷயம். ஒன்று, போனில் மூன்று நான்கு கேமராக்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி சென்சார். எதில் புள்ளி விழுகிறது என்று 0.5, 1, 3 என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டு, ஜூம் செய்தாலோ படத்தின் நீள அகல விகிதத்தை மாற்றினாலோ புள்ளியின் இடமும் மாறித் தெரியும். அதனால் எல்லாப் படத்தையும் ஒரே அமைப்பில் எடுங்கள். மூன்று, வீடியோவில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இயங்கினால் நிலையான புள்ளிகூட ஊர்ந்து போவது போலத் தெரியும். அதை வைத்து "புள்ளி நகருதே, அப்போ சென்சார் இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது.

இருட்டுச் சோதனை இப்படி: கேமரா ஆப்பில் புரோ அல்லது மேனுவல் முறைக்குப் போங்கள். கறுப்புத் துணியை நாலாக மடித்து மேசையில் போட்டு, பின் கேமரா அதில் பதியும்படி போனை மல்லாத்தி வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/30 நொடி வைத்து மூன்று படம். பிறகு ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 4 நொடி வைத்து மூன்று படம். ரா வடிவில் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் சாதாரண ஜேபெக் படத்தில் போனே பல புள்ளிகளை மறைத்துவிடும். புரோ முறை இல்லாத போனில் நைட் மோடில் எடுத்தாலும் ஓரளவு தெரியும். அடுத்தது வெளிச்சச் சோதனை. பகலில் வெள்ளைச் சுவரையோ வெறும் காகிதத்தையோ கொஞ்சம் மங்கலாக, ஃபோகஸ் இல்லாமல் மூன்று படம் எடுங்கள்.

இனி படங்களைப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் மணல் தூவியது போல இருந்தால் அது சாதாரண நாய்ஸ், பழுதே அல்ல. மூன்றிலும் அச்சாக ஒரே இடத்தில் இருந்தால்தான் பிக்சல் விவகாரம்.

ஐஎஸ்ஓ 100-ல் தெரியாமல், ஐஎஸ்ஓ 800-ல் நீண்ட ஷட்டரில் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அது ஹாட் பிக்சல். எந்தச் சென்சாரிலும் வெளிச்சமே படாவிட்டாலும் கொஞ்சம் மின்கசிவு இருக்கும். ஹாட் பிக்சலில் அது மற்றவற்றைவிட அதிகம். வெப்பம் சுமார் 6 முதல் 8 டிகிரி கூடினால் இந்தக் கசிவு இரண்டு மடங்காகும். 25 டிகிரியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி, 45 டிகிரியில் நட்சத்திரமாக மின்னுவது இதனால்தான். வளைகாப்புப் படத்தில் நடந்ததும் இதுவே. பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு அதே இருட்டுச் சோதனையை மறுபடி செய்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

இரண்டு அமைப்பிலும், இருட்டிலும் வெளிச்சத்திலும் ஒரே மாதிரி எரிந்துகொண்டே இருந்தால் அது ஸ்டக் பிக்சல். வெள்ளைச் சுவர்ப் படத்தில் கறுப்பாக, ஊசி குத்தியது போலத் துல்லியமாக இருந்தால் அதுதான் உண்மையான டெட் பிக்சல். அதே கறுப்பு, ஓரம் மங்கி, கொஞ்சம் பெரிய வட்டமாக இருந்தால் தூசி. அனுபவத்தில் சொன்னால், கறுப்புப் புள்ளி என்று வருபவற்றில் தூசிதான் அதிகம்.

புள்ளி ஏன் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்தோடு வருகிறது என்று பலர் கேட்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு நிற வடிகட்டி இருக்கும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. எந்த நிறக் கட்டம் கெட்டதோ அந்த நிறத்தில் புள்ளி வரும். ஒரு கட்டத்தின் நிறத்தைப் பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துத்தான் கேமரா கணக்கிடும் என்பதால், ஒரே ஒரு கட்டம் கெட்டாலும் படத்தில் சின்ன கூட்டல் குறி போலப் பரவித் தெரியும்.

சரி, எப்படிச் சரிசெய்வது?

ஒரு உண்மையை முதலில் சொல்லிவிடலாம். கெட்டுப்போன பிக்சலுக்கு உயிர் கொடுக்க நம்மால் முடியாது. சரிசெய்வது என்றால் அதை மறைப்பது, அதாவது பட்டியலில் சேர்த்துப் பக்கத்துக் கட்டங்களை வைத்து நிரப்புவது. "பிக்சல் ஃபிக்ஸ்" என்று திரையில் நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. அவை திரையின் பிக்சலுக்காக வந்தவை. கேமரா சென்சாருக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் சுமார் மாதத்துக்கு ஒருமுறை சென்சாரைச் சூடாக்கி ஹாட் பிக்சல்களில் ஒரு பகுதியைச் சரியாக்குகிறார்கள். கடுங்குளிரில் இயங்கும் கருவி அது; அங்கே சூடாக்குவது என்றால் நம் அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. இதைக் கேட்டுவிட்டு யாரும் போனை வெயிலில் வைத்துவிடாதீங்க. நம் போனுக்கு வேண்டியது நேர் எதிர்: அணைத்துவிட்டு நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுவது.

டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஒலிம்பஸ், பென்டாக்ஸ் கேமராக்களின் மெனுவில் பிக்சல் மேப்பிங் என்றே இருக்கும். பானசோனிக்கில் அதற்குப் பெயர் பிக்சல் ரிஃப்ரெஷ். சோனி, ஃபியூஜிஃபிலிம், நிக்கான் இசட் வகைகளில் புதிய மாடல்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. லென்ஸ் மூடியைப் போட்டு, பேட்டரி முழுதாக இருக்கும்போது இயக்குங்கள். படம் எடுத்த சூட்டோடு செய்யக்கூடாது. ஒலிம்பஸ் கையேடு குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது, வருடத்துக்கு ஒருமுறை செய்யவும் பரிந்துரைக்கிறது. கேனான் வைத்திருக்கும் பலர் கையாளும் வழி வேறு: லென்ஸும் மூடியும் போட்டபடியே மெனுவில் சென்சாரைக் கையால் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போய், ஒரு நிமிடம் விட்டுவிட்டு கேமராவை அணைப்பது. எல்லா மாடலிலும் பலிக்காது. பலிக்காவிட்டால் சர்வீஸ் சென்டரில் மேப்பிங் செய்து தருவார்கள். சென்சாரை மாற்றத் தேவையில்லை.

கேமராவில் தூசிதானா என்று பார்க்க ஒரு வழி. வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எஃப் 16-ல் ஒன்றும், எஃப் 2.8 அல்லது 4-ல் ஒன்றும் எடுங்கள். முதல் படத்தில் தெரிந்து இரண்டாவதில் கரைந்துபோனால் தூசி. ரப்பர் பந்துக் காற்றூதியால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதினால் எச்சில் ஒட்டும். அழுத்தக் காற்று டப்பாவும் வேண்டாம்.

போனில் மேப்பிங் மெனு நம் கைக்குக் கிடைப்பதில்லை. மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள், கேமரா ஆப்பின் அமைப்புகளை மீட்டமைத்துப் பாருங்கள். புள்ளி ஹாட் பிக்சல் என்று தெரிந்தால் நீண்ட வீடியோ எடுத்த உடனே நைட் மோடு எடுப்பதைத் தவிருங்கள், சார்ஜில் போட்டுக்கொண்டு படம் எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்த படங்களில் ஸ்னாப்ஸீட் ஆப்பின் ஹீலிங் கருவியால் புள்ளியை ஒரு தொடுதலில் நீக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவின் படங்கள் அப்படித்தான் சரியாகின. நகலில் திருத்துங்கள், மூலப் படம் அப்படியே இருக்கட்டும்.

ஆறிய போனிலும் பகலிலும் புள்ளி பளிச்சென்று இருந்தாலோ, கூட்டமாகவோ கோடாகவோ வந்தாலோ அது வேறு கதை. இதற்கு லேசர் ஒளி ஒரு காரணமாக இருக்கலாம். கல்யாண மண்டபத்திலும் கச்சேரி மேடையிலும் சுழலும் லேசர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் ஒரு நொடியில் சென்சார் நிரந்தரமாகக் கெடும். 2019-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில், தானியங்கி காருக்கான லேசர் கருவியைப் படம் எடுத்த ஒருவரின் விலையுயர்ந்த கேமராவில் இப்படித்தான் புள்ளிகளும் கோடுகளும் விழுந்தன. மேடையில் லேசர் ஓடும்போது போனைத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால்

வாரண்டி இருக்கும்போது வெளிக்கடையில் போனைத் திறக்கக் கொடுக்காதீர்கள். திறந்ததைக் காரணம் காட்டி நிறுவனம் வாரண்டியை மறுக்க நாமே இடம் கொடுத்தது போல ஆகிவிடும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது பில்லோடு, மேலே சொன்ன ஆறு இருட்டுப் படங்களையும் மூன்று சுவர்ப் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். மூலப் படத்தில் எடுத்த தேதி, ஐஎஸ்ஓ, ஷட்டர் எல்லாம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி அந்த விவரங்களும் போய்விடும்; டாக்குமெண்டாக அனுப்புங்கள். "எந்தப் படத்தில் எந்த இடத்தில்" என்று காட்டினால் பேச்சு பாதியாகக் குறையும்.

போனைக் கையளிக்கும் முன் எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள். யுபிஐ, வங்கி ஆப்களிலிருந்து வெளியேறுங்கள், சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். சாம்சங் போன்களில் மெயின்டனன்ஸ் மோடு, கூகுள் பிக்சலில் ரிப்பேர் மோடு என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உங்கள் படங்களும் தகவல்களும் பூட்டிய நிலையில் இருக்க, அவர்கள் கேமராவை மட்டும் சோதித்துக்கொள்ளலாம். *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொண்டு, ஜாப் ஷீட்டில் அதே எண்ணும் உங்கள் புகாரும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "கேமரா பிரச்சினை" என்று மொட்டையாக எழுதவிடாமல், "பின் முதன்மைக் கேமராவில் பகலிலும் நிலையான புள்ளி" என்று எழுதச் சொல்லுங்கள்.

வாரண்டிக்குள் இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், உமங் செயலி மூலமும் புகார் பதியலாம். வழக்குக்கு முந்தைய கட்டம் இது, நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பி பதில் வாங்கித் தர முயல்வார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் வழக்காட வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போக வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில், ஜாப் ஷீட், சர்வீஸ் சென்டர் எழுத்தில் தந்த பதில், மூலப் படங்கள் ஆகியவற்றை இணைத்தால் போதும். "முடியாது" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால், அதையே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.